உரிந்த பெயின்டின் பின்பக்கம்

படகின் அடிப்பாகத்துப் பெயின்ட் உரிகிறது என்று யார் கூப்பிட்டாலும், உரிந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை. எந்தக் கலர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். பின்பக்கத்தில் பழைய பெயின்ட் ஒட்டி வந்திருந்தால் கீழே இருந்த பழைய பூச்சே பிடி விட்டுவிட்டது; அதற்கு மேல் எதை அடித்தாலும் நிற்காது. பைபர் படகில் பின்பக்கம் வழவழவென்று இருந்தால், அச்சிலிருந்து எடுத்தபோது இருந்த மெழுகை யாரும் துடைக்கவில்லை. தின்னரால் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு இன்னும் உள்ளேதான் இறங்கும்.

தொண்டிப் பக்கம் ஒரு பாய்மர வள்ளம். மரப்பலகை. அடிப்பக்கம் நடுவில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் கழன்று தொங்கியது.

"வருசா வருசம் கம்பெனிய மாத்திப் பாத்துட்டேன் தம்பி. எல்லாம் கலப்படம்" என்றார் வள்ளத்துக்காரர்.

சில்லைத் திருப்பினேன். மரநார் ஒட்டியிருந்தது, அதன் மேல் மாவு தூவியது போல வெள்ளை. நாக்கில் வைத்தால் கரித்திருக்கும். காப்பர் கலந்த பெயின்ட் என்பதால் வைக்கவில்லை.

"எதுல கழுவுனீங்க அண்ணே?"

"கடல் தண்ணிலதான். வேற எதுல கழுவ?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். குடிக்கிற தண்ணீரை வள்ளத்தில் ஊற்றச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். ஆனாலும் பலகையில் காய்ந்த உப்பு சும்மா கிடக்காது. பூச்சுக்கு அடியில் இருந்துகொண்டே ஈரத்தை இழுக்கும், கொப்புளம் கிளம்பும், அது உடைந்ததும் பெயின்ட் தோலாக உரியும். பெயின்ட் கம்பெனிகள் வாங்கும் திட்டில் பாதி இந்த உப்புக்குச் சேர வேண்டியது.

முழுவதும் சுரண்டினோம். உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்த்தோம். காப்பர் தூசி மூச்சில் போகக் கூடாது, கடலிலும் போகக் கூடாது. கீழே தார்ப்பாய் விரித்து அள்ளிவிட்டோம். நல்ல தண்ணீரில் கழுவி, கீற்றுப் பந்தலுக்குள் காயவிட்டோம். நேர் வெயிலில் போட்டால் பலகை சுருங்கி, இடுக்குகளில் நீர் புகாமல் அடைத்திருக்கும் கலப்பத்து விட்டுப்போகும். காய்ந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு: பாலிதீன் துண்டு ஒன்றை நாலு ஓரமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. வள்ளத்துக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை, "கையில தொட்டா காஞ்சுதான கெடக்கு" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

பிரைமரும் பெயின்டும் காலையிலேயே அடித்தாக வேண்டும். கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் பூச்சின் மேல் மணல் வந்து அப்பிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் மராமத்துக்குக் கரையேறும்போது எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போதும் நான் எழுதிக் கொடுக்கும் கணக்கில் முதல் வரி நல்ல தண்ணீருக்கான காசுதான். அந்த வரியை வெட்டிவிடச் சொல்கிறவர்களின் வேலையை நான் எடுப்பதில்லை.