வலது என்றால் யாருக்கு வலது?

விடுமுறையில் ஊருக்கு வந்தால் மைத்துனன் தவறாமல் கேட்பான்: "இடது, வலதுன்னு சொன்னா போதாதா அத்தான்? எதுக்கு போர்ட், ஸ்டார்போர்டு?"

போதாது. கப்பலைத் துறையில் கட்டும்போது இரண்டாம் அதிகாரியான நான் பின்தளத்தில், பின்னால் இருக்கும் டக்கை, அதாவது இழுவைப் படகைப் பார்த்து நிற்பேன். கேப்டன், கப்பலை ஓட்டும் மேடையான பிரிட்ஜில் முன்னால் பார்த்தபடி வாக்கிடாக்கியில் பேசுவார். அவருக்கு வலது எனக்கு இடது. கயிறு இறுகி நிற்கும் நேரத்தில் "உங்க வலதா, என் வலதா?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்பக்கம், போர்ட் என்றால் இடப்பக்கம். நாம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது.

முன்பு இடப்பக்கத்துக்கு லார்போர்டு என்று பெயர். காற்றிரைச்சலில் ஸ்டார்போர்டு மாதிரியே காதில் விழுமாம். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துவிட்டு போர்ட் என்றே சொல்லச் சொன்னது.

சுக்கான் உத்தரவில் இதைவிடப் பெரிய கூத்து. டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டதும் அப்போது காவலில் இருந்த அதிகாரி மர்டாக் கொடுத்த உத்தரவு "ஹார்ட் அ ஸ்டார்போர்டு". கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். சுக்கான் பிடித்தவர் மேல் தப்பில்லை. பழைய கப்பல்களில் சுக்கானைத் திருப்ப ஒரு கட்டை இருக்கும்; அதை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். கட்டை போய்ச் சக்கரம் வந்த பிறகும் உத்தரவு மட்டும் கட்டைக் கணக்கிலேயே இருந்தது. பிரிட்டனில் அது மாறியது 1933இல்தான். இப்போது "ஸ்டார்போர்டு டென்" (சுக்கான் வலப்பக்கம் பத்து டிகிரி) என்றால் சுக்கான்காரர் அதைத் திருப்பிச் சொல்லி, சக்கரத்தைத் திருப்பி, சுக்கான் கோணத்தைக் காட்டும் முள் பத்தில் வந்து நின்றதும் மறுபடி ஒருமுறை சொல்வார். நானும் ஒரு பார்வை முள்ளைப் பார்த்துக்கொள்வேன்.

என் காவல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. நடுராத்திரியில் எதிர்க் கப்பல் உருவமாகத் தெரியாது, விளக்காகத்தான் தெரியும். போர்ட் பக்கம் சிவப்பு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. என் வலப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு குறுக்கே வருகிறதா? அவனுடைய இடப்பக்கத்தைப் பார்க்கிறேன், மோதும் அபாயம் இருந்தால் நான்தான் ஒதுங்க வேண்டும். இடப்பக்கம் பச்சை தெரிந்தால் ஒதுங்க வேண்டியவன் அவன். அவன் ஒதுங்குகிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். சிவப்பு, பச்சை இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நேருக்கு நேர் வருகிறோம். இருவரும் ஸ்டார்போர்டு பக்கம் திரும்ப வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காக வைத்துவிட்டு, துறைமுக வழியின் ஓரங்களைக் காட்டும் மிதவைகளில் கோட்டை விட்டார்கள். தூத்துக்குடிக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை நம் போர்ட் பக்கம் இருக்கும். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ நுழைந்தால் அதே சிவப்பு ஸ்டார்போர்டு பக்கம். 1980இல் உலகத்தை ஏ, பி என்று இரண்டு வட்டாரமாகப் பிரித்து அப்படியே விட்டுவிட்டார்கள். கப்பல் விளக்கு மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

இதையும் மைத்துனனிடம் சொன்னேன். "அப்ப மிதவைக்கு மட்டும் ஏன் அத்தான் மாத்துறாங்க?" என்கிறான்.