ஒரே தெருவில் இரண்டு மரணங்கள்

அந்த வரியை மாற்றியது நான்தான். மேலிடத்திலிருந்து யாரும் மாற்றச் சொல்லவில்லை. நேரம் இல்லை என்று அப்புறம் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் உண்மையில்லை, ஸ்டுடியோ இன்னும் நாற்பது நிமிடம் எங்கள் கையில்தான் இருந்தது.

கற்பனை உலகங்களின் அரசர்களைப் பற்றிய ஒலித்தொடர் அது. ஒரு அரசருக்கு ஒரு பகுதி, இருபது நிமிடம். அன்று டோல்கின் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் அரகோர்ன். குரல் கொடுப்பவர் இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருப்பவர், எதைக் கொடுத்தாலும் நிறுத்தாமல் படித்துவிடுவார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "மேடம், இந்த ராஜா சாகுறாரா, இல்ல சாகணும்னு முடிவு பண்றாரா? குரலை எப்படி வெச்சுக்கணும்னு தெரியல."

ஸ்கிரிப்ட்டில் இருந்த வரி இது: "கொடுக்கப்பட்ட உயிரைத் திருப்பிக் கொடுத்துவிடும் நாள் வந்துவிட்டது என்று அரசன் முடிவு செய்தான்."

எழுதிய தம்பி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன். "முதுமை எய்திய மன்னர் தமது 210ஆவது வயதில் இயற்கை எய்தினார்." எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

"அப்ப ராணி எதுக்குக்கா கெஞ்சுறாங்க?" என்றான்.

அதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரகோர்ன் போகப்போகிறார் என்று தெரிந்ததும் ராணி ஆர்வென், இன்னும் கொஞ்ச காலம் இருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். அவருக்காகத் தன் சாவாத வாழ்வையே விட்டுக்கொடுத்தவள். முதுமையில் தானாக உயிர் போயிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை, யாரிடம் போய்க் கேட்பாள்? தம்பி சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தேன் என்றால், ராணி கெஞ்சும் பகுதியையும் அடித்துவிட்டேன். இரண்டு நிமிடக் காட்சி இருபது நொடி ஆனது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தானே தேடிக்கொள்ளும் மரணத்தை அழகாகவோ உயர்வாகவோ காட்டக் கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. வெறும் காகித விதி என்று நான் நினைத்ததில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு நாட்டுப்புறக் கதையில் மானத்துக்காகக் கிணற்றில் விழும் ஒரு பெண் வந்தாள். அதைக் கேட்ட பதின்மூன்று வயது மகள் மறுநாள் கேட்ட கேள்வியை ஒரு அம்மா எங்களுக்கு எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள் எழுதினேன். அந்தக் கடிதத்தை வாசித்த யாராக இருந்தாலும் அன்று பேனாவைத்தான் எடுத்திருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அதே ஸ்கிரிப்ட்டின் பன்னிரண்டாம் நிமிடத்தில் டெனதோர் தீக்குளிக்கிறார், அதை நான் விட்டுவைத்தேன்.

டெனதோர் அரசர் இல்லை. அரச வம்சம் அற்றுப்போன கோண்டோர் நாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த காவலாட்சியரின் வழியில் வந்தவர். போர் தோற்றுவிட்டது என்று நம்பி, முன்னோர்களின் கல்லறைகள் இருக்கும் மௌனத் தெருவுக்குப் போய், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கும் மகன் ஃபராமிரையும் பக்கத்தில் கிடத்தி விறகு அடுக்கச் சொல்கிறார். மகனைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அப்பா எரிந்துபோகிறார். சாகும் நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உமக்கு இல்லை என்று மந்திரவாதி காண்டால்ஃப் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்வார். அது நம்பிக்கை இழந்தவனின் சாவு, தவறு என்று கதையே சொல்லிவிடுவதால் விதி அதை அனுமதித்தது. நூற்றிச் சொச்சம் வருடம் கழித்து அரகோர்ன் படுத்ததும் அதே மௌனத் தெருவில்தான். வேறு கட்டடம், அரசர்களின் இல்லம், ஆனால் தெரு ஒன்றுதான்.

"ரெண்டும் ஒரே தெருக்கா. அதைச் சொல்லத்தான் அந்த சீனை அங்க வெச்சேன்" என்றான் தம்பி.

நான் சொன்ன பதில்: "கேக்குறவங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரியாதுப்பா."

"சரிக்கா" என்றான்.

அந்தச் "சரிக்கா"வில் கோபம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

புரியாது என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும், நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் தேடி வந்து அவனோடு உயிர்விட்டதையும் நான் பள்ளியில் படித்தவள். வகுப்பில் யாருக்கும் அது புரியாமல் போகவில்லை. போரில் முதுகில் புண்பட்ட நாணத்தில் வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனையும் படித்தோம். நமக்கு இந்த மாதிரிச் சாவுக்கு ஒரு சொல்லே இருக்கிறது. தம்பி முதல் வரைவில் "வடக்கிருந்தான்" என்றே எழுதியிருந்தான், அதை நான்தான் வேண்டாம் என்றேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. சோழனுக்குப் பின்னால் மகன்களோடு பகை இருந்தது, சேரனுக்குப் பின்னால் நாணம். அரகோர்னுக்கு இரண்டும் இல்லை. பட்டினியும் இல்லை. மகன் எல்டாரியனிடம் முடியையும் செங்கோலையும் கொடுத்துவிட்டு, தமக்காகச் செய்துவைத்த நீண்ட படுக்கையில் படுத்து, மனைவியின் கையை முத்தமிட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார். இதற்குத் தமிழில் சரியான வினைச்சொல் எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இறந்தார் என்றால் குறைகிறது, உயிர் துறந்தார் என்றால் ஏதோ தியாகம் போல ஆகிவிடுகிறது. "இயற்கை எய்தினார்" இரங்கல் சுவரொட்டியில் வரும் சொல். அதைத்தான் போட்டேன்.

இந்தச் சாவை வெட்டினால் அவருடைய ஆட்சியையே வெட்டியதாக ஆகிறது, அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவருடைய மூதாதையர் நூமெனோர் என்ற தீவின் அரசர்கள். மற்ற மனிதர்களைவிடப் பலமடங்கு ஆயுள் பெற்றவர்கள், முதல் அரசன் எல்ரோஸ் ஐந்நூறு வருடம் வாழ்ந்தவன். முதுமை தளர்த்துவதற்கு முன்பே ஆட்சியையும் உயிரையும் தாமாகவே விட்டுவிடுவது ஆரம்பகால அரசர்களின் வழக்கம். பதின்மூன்றாவதாக வந்த தார்-அத்தனாமிர் அதற்கு மறுத்தான், புத்தி தடுமாறிய பிறகும் அரியணையை விடவில்லை. பின்னால் வந்தவர்களும் அப்படியே. கடைசி அரசன் ஆர்-ஃபரஸோன் சாவாமையைப் பிடுங்கி வரப் பெரிய கப்பற்படையோடு தேவர்களின் நாட்டுக்கே போனான், தீவு கடலில் மூழ்கியது. இப்படி விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அழிந்த குலத்தில் பிறந்தவர், 120 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டுவிட்டு, உடம்பிலும் புத்தியிலும் குறையில்லாத ஒரு மார்ச் 1 அன்று, அது அவர் பிறந்த தேதியும்கூட, போதும் என்று விடுகிறார். அதை நான் முதுமையால் வந்த சாவு என்று ஆக்கிவிட்டேன். அப்படிப் பார்த்தால் அவருக்கும் அத்தனாமிருக்கும் என்ன வித்தியாசம்?

சரி, இதையெல்லாம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இருபது நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. நம்பிக்கை இழந்த சாவுக்கும் நிறைவான சாவுக்கும் நடுவில் உள்ள கோடு, கதையை முழுசாக வாசிப்பவருக்குத் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்பவருக்குத் தெரியுமா? மனம் உடைந்திருக்கும் நேரத்தில் கேட்பவருக்கு? கற்பனை அரசருக்கு நியாயம் செய்வதைவிட முகம் தெரியாத அந்தப் பிள்ளை முக்கியம். இப்படி நினைத்தால் மனம் அமைதியாகிறது, ஒரு நாளோ இரண்டு நாளோ. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது என்ன என்று பார்த்தால், நம்பிக்கை இழந்தவன் தீக்குளிப்பதை முழுசாகக் கொடுத்திருக்கிறேன், நிறைவாக வாழ்ந்தவர் பயமில்லாமல் கண்ணை மூடுவதை எடுத்துவிட்டிருக்கிறேன். எது ஆபத்து?

பெரகோண்டின் வழக்கையும் அதே ஸ்கிரிப்ட்டில்தான் படித்தேன். கோட்டைக் காவலன். அந்த மௌனத் தெருவில் ஃபராமிரைக் காப்பாற்றுவதற்காக உத்தரவில்லாமல் காவலிடத்தை விட்டு ஓடி, புனிதமான இடத்தில் வாளை உருவி, குறுக்கே வந்தவர்களைக் கொன்றவன். சட்டப்படி மரண தண்டனை. அரியணை ஏறிய புதிதில் அரகோர்ன் முன்னால் வந்த வழக்குகளில் அதுவும் ஒன்று. நீ இனி இந்தக் காவற்படையில் இல்லை, இந்த நகரத்தை விட்டுப் போக வேண்டும் என்கிறார் அரசர், அவன் முகம் வெளுத்துப்போகிறது. அடுத்தபடியாக, ஃபராமிரின் சொந்தக் காவற்படைக்கு நீதான் தலைவன், யாருக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்தாயோ அவனோடு போய் இரு என்கிறார். சட்டத்தையும் விடவில்லை, மனிதனையும் விடவில்லை.

எங்கள் விதிக்கும் அப்படி ஒரு வழி இருந்திருக்கும். முன்னால் ஒரு வாக்கியம் போட்டிருக்கலாம், வயது வரம்பை உயர்த்தியிருக்கலாம், டெனதோருக்கு அடுத்து உடனே இதை வைத்து இரண்டும் வேறு என்று சொல்லியிருக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் அன்று பதிவை நிறுத்தி மறுநாள் யோசித்திருக்கலாம். நாற்பது நிமிடம் இருந்தது. தம்பியைக்கூடக் கேட்கவில்லை. அவன் வழி சொல்லியிருப்பானோ என்னவோ.

குரல் கொடுப்பவரிடம் "சாதாரணமா படிங்க சார்" என்றேன். சாதாரணமாகப் படித்தார். பகுதி நன்றாகவே போனது, யாரும் எதையும் கேட்கவில்லை, அரகோர்னின் நாடோடிக் காலத்தைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள், வேறு பெயரில் கோண்டோரில் சேவகம் செய்து உம்பார் துறைமுகத்தில் கப்பல்களை எரித்துவிட்டுப் பரிசு வாங்காமல் போன அந்தப் பகுதியை. ஆட்சிக்காலத்துக்கு நாங்கள் கொடுத்ததே நான்கு நிமிடம்தான். தம்பி ஐந்து மாதம் கழித்து வேறு வேலைக்குப் போனான். சம்பளம் அதிகம், அதனால்தான் போனான். நான் கேட்டபோது அப்படித்தான் சொன்னான்.

போன வாரம் ஒரு பழைய கோப்பைத் தேடும்போது அவனுடைய முதல் வரைவு கிடைத்தது, என் சிவப்புத் திருத்தங்களோடு. அவன் ஆரம்பம் முதல் அரகோர்னை "அவன்" என்றே எழுதியிருக்கிறான், அப்பா இல்லாமல் எல்ரோண்டின் வீட்டில் வளரும்போதும் காட்டில் அலையும்போதும். கதையின் கணக்கில் 3019ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி முடிசூடும் பத்தியிலிருந்து "அவர்". ஆட்சி முழுக்க அவர்தான். கடைசிக் காட்சியில், மகனும் மற்றவர்களும் வெளியே போய் ஆர்வென் மட்டும் பக்கத்தில் இருக்கிற இடத்திலிருந்து, மறுபடி "அவன்". ஒருமை பன்மை பார்த்து எழுதுங்கள் என்று ஓரத்தில் குறிப்பு போட்டு, பதினோரு இடத்திலும் "அவர்" ஆக்கியிருக்கிறேன்.