ஒரு மரம் வெட்டும் நேரம்

என் மேசை இழுப்பறையில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் கயிறும் சில மஞ்சள் கிழங்குத் துண்டுகளும் இருக்கும். மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எம்.ஆர்.ஐ. கருவியை இயக்குவது என் வேலை. நெஞ்சைப் படம் எடுக்க வரும் தோட்டத்துப் பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் மறுபேச்சில்லாமல் கழற்றித் தருவார்கள். தாலி என்றதும் கை நின்றுவிடும். நெஞ்சின் நடுவில் கிடக்கும் உலோகம் படத்தைக் கெடுக்கும் என்று பாடம் நடத்துவதைவிட, மஞ்சள் கோத்த கயிறு ஒன்றை நீட்டினால் காரியம் சீக்கிரம் முடிகிறது.

அந்தப் பாட்டிக்குத் தாத்தாவே கட்டிவிட்டார், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து. இரண்டாம் தாலி என்று சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் பாட்டி, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். அவர் வெட்டிய தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. சில வாரங்களாக நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர், கட்டிக்கான ஊசியைத் தொடங்கிவிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார். வழக்கமாக இதற்கு அயோடின் மருந்து ஏற்றி சி.டி. எடுப்பார்கள். பாட்டிக்கு முன்பொரு முறை அதே மருந்தால் உடம்பெல்லாம் தடித்துத் தொண்டை அடைத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.க்குப் போடும் காடோலினியம் ஊசியைப் பற்றியும் தயக்கம் இருந்தது, நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகியிருந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோலும் மூட்டும் இறுகிப்போகும் ஒரு நோய்க்கும் காடோலினியத்துக்கும் தொடர்பு இருப்பது 2006-இல் வெளிவந்தது. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் பயம் டாக்டர்களை விட்டு முழுதாகப் போகவில்லை. கதிரியக்க மருந்தை முகரவைத்து எடுக்கும் பரிசோதனைக்குப் பினாங்குக்குப் போக வேண்டும். ஆக, ஊசியே இல்லாத எம்.ஆர்.

நுரையீரலை எம்.ஆரில் எடுப்பது என்றாலே எங்கள் தொழிலில் முகம் சுளிப்பார்கள். இந்தக் கருவி உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனிலிருந்து சமிக்ஞை வாங்குகிறது. நுரையீரலிலோ பெரும்பகுதி காற்று. கிடைக்கிற கொஞ்சமும், காற்றும் திசுவும் உரசும் கோடானுகோடி எல்லைகளில் காந்தப்புலம் கலைவதால், ஒன்றிரண்டு மில்லிவினாடியில் அணைந்துபோய், படத்தில் நுரையீரல் கறுப்பாகவே விழும். காந்தம் வலுத்தால் கலைவும் வலுக்கும். அதனால் நுரையீரலுக்கு 3 டெஸ்லா வலுவுள்ள காந்தத்தைவிட எங்கள் பழைய 1.5 டெஸ்லாவே தேவலை. (புதிய கருவி கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது இந்த வரியை நான் சேர்ப்பதில்லை.)

ஆனால் இரத்தக்குழாயைத் தேடுகிறவருக்கு அந்தக் கறுப்பு வசதிதான். ட்ரூஃபிஸ்ப், ஃபியெஸ்டா என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் ஒரு வரிசையில் (படமெடுக்கும் முறையில்), எந்த ஊசியும் இல்லாமல் இரத்தம் தானாகவே வெள்ளையாகத் தெரியும். பிப்ரவரி வெயிலில் இலை உதிர்த்து நிற்கும் பால்மரம்போல நுரையீரல் தமனி கிளைகிளையாக நிற்கும். கட்டி இருந்தால் வெள்ளைக் கிளைக்குள் ஒரு கறுப்பு.

பாட்டிக்கு அந்த மரம் தெரியவில்லை. முதல் மூன்று படத் தொடர்களும் ஒரே மங்கல். கருவியின் பதிவுக் குரல் மலாயில் 'தாரிக் நாஃபாஸ், தாஹான்' (மூச்சை இழு, நிறுத்து) என்றது. சந்தை மலாய் அறிந்த பாட்டி ஆற்றில் முங்குபவர்போல நெஞ்சு நிறைய இழுத்து, ஐந்தே வினாடியில் உடைத்துவிட்டார். குரலை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"இழுக்க வேண்டாம், பாட்டி. விறகடுப்பை ஊதுகிற மாதிரி மெல்ல ஊதிவிடுங்கள். ஊதி முடித்ததும் அப்படியே நில்லுங்கள்."

மூச்சை விட்ட நிலையில் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பும். இழுத்த நிலையில் ஆளுக்கு ஆள், முறைக்கு முறை மாறும்.

"எவ்வளவு நேரம் அம்மா நிற்க வேண்டும்?"

"பதினைந்து வினாடி."

அவர் என்னையே பார்த்தார். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) பொறுக்க அம்மாவோடு போன பிள்ளை நான். எங்கிருந்தோ வாயில் வந்தது: "ஒரு மரம் வெட்டும் நேரம், பாட்டி."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

பட்டையைச் சீவி, வெட்டுக்கோட்டைத் திறந்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கிற நேரம். பிசகாமல் நின்றார். மரம் தெரிந்தது.

அடுத்த தவறு என்னுடையது. வலது கீழ்க்கிளையின் குறுக்கே கரிய கீற்று ஒன்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற தாத்தா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிவு சொல்வது என் வேலையல்ல என்பது எனக்குத் தெரியும். முகத்துக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

இந்த வரிசையின் பிறவிக் குறை கறுப்புப் பட்டைகள். காந்தப்புலம் சற்றே விலகும் இடங்களில் கோடு விழும். அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி எடுத்தால் பட்டை இடம் மாறும். கட்டி மாறாது. பாட்டியிடம் இன்னொரு மரம் கேட்டேன். வலப்பக்கக் கீற்று கிளையை விட்டு வெளியே நகர்ந்து போயிருந்தது. தாத்தாவிடம் சொல்ல ஓடலாம் என்று இருந்தது. சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான் பார்க்காததை டாக்டர் பார்த்தார். இடது கீழ்மடலில் ஒரு கிளைக்குள் சிறிய கறுப்பு, இரண்டு தொடரிலும் அதே இடத்தில். வலப்பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் இடப்பக்கம் திரும்பவே இல்லை. சிறு கிளைகளைப் பற்றி இந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அறிக்கையில் எழுதினார். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. நுரையீரல் கட்டியை எம்.ஆரில் தேடிப் பார்த்து 2010-இல் வெளியான பியோபெட் மூன்று ஆய்வில், ஊசி போட்டே எடுத்தும் 371 பேரில் 92 பேரின் படங்கள் தேறவில்லை. ஊசியில்லாமல் எடுக்கிறவர்கள் பெருமை பேச நியாயமில்லை.

கட்டிக்கான மருந்தை மூன்று மாதம் எடுத்த பிறகும் கட்டி கரையாமல் தங்கினால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும் அபாயம் உண்டு. அதைப் பார்க்கப் பாட்டி மறுபடி வந்தார். கழுத்தில் அதே மஞ்சள் கயிறு. பொன்னை வீட்டில் பூட்டிவிட்டு வந்திருந்தார். மேசையில் படுத்ததும் கேட்டார்:

"இன்றைக்கு எத்தனை மரம், அம்மா?"

"பதினெட்டு, பாட்டி."

"பதினெட்டுதானா? காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து வெற்றிலை மெல்லும் முன்னே வெட்டிவிடுவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.