சுண்டைக்காயும் சுமைகூலியும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்லும்போதெல்லாம், இப்படி ஒரு கணக்கை யார்தான் போடுவார்கள் என்று நினைத்ததுண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் போட்டிருக்கிறது.

2010-இல் நடந்தது. பொழுதுபோக்காக வலைப்பூ எழுதிய சிலருக்கு அந்த நகர நிர்வாகத்திடமிருந்து கடிதம் போனது. வணிக உரிமம் எடுக்க வேண்டுமாம். வாழ்நாள் உரிமத்துக்கு 300 டாலர், இல்லையென்றால் ஆண்டுக்கு 50 டாலர். லாபம் வந்தால் வரி தனி. அவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் விளம்பரங்களால் சம்பாதித்தது 11 டாலர். (தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த 300 டாலரை மீட்க அவர் 54 ஆண்டுகளுக்கு மேல் எழுத வேண்டும்.)

தொகையைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, சிக்கியவர்கள் யார் என்பது. வருமான வரிப் படிவத்தில் அந்தச் சில்லறையையும் மறைக்காமல் காட்டிய அப்பாவிகள்!

விளம்பரம் வைத்தால் லாப நோக்கம், லாப நோக்கம் என்றால் உரிமம் என்றது நிர்வாகம். சட்டப்படி சரிதான். லாரி நிறுக்கும் எடைமேடையில் கொத்தமல்லிக் கட்டை வைத்த மாதிரி சரி.

2014-இல் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். உரிமம் இன்றும் வேண்டும், ஆனால் இலவசம்.

என் வலைப்பூவுக்குச் சென்ற ஆண்டு முழுவதும் விளம்பரத்தில் சேர்ந்தது 212 ரூபாய். அதுவும் கைக்கு வரவில்லை. 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்களாம்.