கிளிநொச்சிக்கு மேலே, 8.53

வணிக விமானி உரிமத்துக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் முடித்தே ஆக வேண்டிய ஒரு பறப்பு உண்டு. பக்கத்தில் யாரும் இல்லாமல், குறைந்தது 540 கிலோமீற்றர், அதாவது ஏறத்தாழ 300 கடல் மைல் போக வேண்டும். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி, விமானத்தை முழுதாக நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் படித்த எனக்கு அந்த முறை ஒரு மார்ச் மாதத்தில் வந்தது. எந்தப் பாதை என்று பறப்புப் படிப்பிக்கும் சேர் கேட்டார். பலாலி, மட்டக்களப்பு, திரும்ப இரத்மலானை என்றேன். பலாலிக்கு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைப் பிடித்துப் போகிறேன் என்றும் சொன்னேன். நேராகப் போனால் தூரம் குறையுமே என்றார். என் வீடு கிளிநொச்சிக்குப் பக்கத்தில், வட்டக்கச்சியில் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு இரவு கணக்கிலேயே போனது. குருநாகல், அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு வழியாகப் பலாலிக்கு 200 கடல் மைல். அங்கிருந்து கிழக்குக் கரையோரமாக மட்டக்களப்புக்கு 170. மலைநாட்டுக்கு வடக்கால் சுற்றித் திரும்ப 140. நான் ஓட்டும் சின்ன விமானமான செஸ்னா 172 இல் பாவிக்கக்கூடிய எரிபொருள் 200 லீற்றர், எஞ்சின் மணித்தியாலத்துக்குக் குடிப்பது ஏறத்தாழ 33 லீற்றர். ஐந்து மணித்தியாலம் பறந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மிச்சம் இருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் சேர் கறார். ஜீபிஎஸ் கடைசி ஆபத்துக்கு மட்டும். மற்றபடி வரைபடம், திசைகாட்டி, மணிக்கூடு என்று பேசிக்கொண்டோம்.

அம்மாவுக்கு முதல் நாள் எடுத்துச் சொன்னேன். காலை 8.40 போல கிளிநொச்சிக்கு மேலே வருவேன், முற்றத்தில் நின்றால் தெரியும் என்றேன். அவர் ஏற்கெனவே முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார்.

காலை 7.05 க்கு மேலெழும்பினேன். இறக்கைத் தாங்கிகளின் அடியில் எரிபொருள் எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்திருப்பேன். 5,500 அடியில் அநுராதபுரம் வரை சொல்லும்படி ஒன்றுமில்லை. எதிர்க்காற்று மட்டும் நான் நினைத்ததைவிட அதிகம். வவுனியாவில் 8.17 க்கு இருந்திருக்க வேண்டும், மணி 8.25. எட்டு நிமிடப் பிந்தல் என்றால், தரையைப் பொறுத்த வேகம் 105 நொட்டுக்கு (மணிக்கு 105 கடல் மைல்) பதிலாக 95. கணக்கைத் திரும்பப் போட்டேன். மட்டக்களப்பிலிருந்து வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், எரிபொருள் போதும்.

ஓமந்தை கீழே போனது. சமாதான காலத்தில் அந்தச் சோதனைச் சாவடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. பைகளைக் கொட்டிக் காட்டி, திரும்ப அடுக்கி, மற்றப் பக்கம் போய்ச் சேர அரை நாள் போய்விடும். இப்போது அது இறக்கைக்கு அடியில் மறைய ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அதற்கு வடக்கே முகில் கூடத் தொடங்கியது. எனக்குக் கீழே துண்டு துண்டாக இருந்தது, தூரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தது. தரை தெரியாமல் மேலே போவதற்கு எனக்கு அனுமதி இல்லை. றேடியோவில் கேட்டு, இடைவெளி இருந்த இடத்தால் 2,500 அடிக்கு இறங்கினேன். இறக்கம், அழைப்பு, எரிபொருள் கலவையைத் திருத்துவது என்று கை நிறைய வேலை. அதில் ஒன்றை விட்டுவிட்டேன். திசை காட்டும் ஜைரோ கருவி தானாகவே மெல்ல விலகும். 15 நிமிடத்துக்கு ஒரு தரம் காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். முதல் மாதத்திலேயே படித்த பாடம் அது.

8.38 க்கு நிமிர்ந்து பார்க்கிறேன், ஏ9 இல்லை. தண்டவாளமும் இல்லை. சுற்றிவரக் காடு. முன்னால் வலது பக்கத்தில் பெரிய குளம் ஒன்று வெயிலில் பளபளத்தது. இரணைமடு என்று மனம் சொன்னது. அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அது. வீடு வந்துவிட்டது என்று நினைக்க எவ்வளவு சுகமாக இருந்தது!

ஆனால் மணிக்கூடு ஒத்துவரவில்லை. இந்த வேகத்தில் இரணைமடு இன்னும் பத்து நிமிடத்துக்காவது வரக் கூடாது. வரைபடத்தைப் பார்த்தால் வன்னி முழுக்க நீலப் புள்ளிகள். குளத்தை அடையாளமாக வைக்காதே, ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும் என்று சேர் சொல்லியிருந்தார். வேறு இடங்களில் அது சரியான புத்தி. அப்போது எனக்கு அப்புவின் குரல்தான் வந்தது. சின்ன வயதில் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு வயலுக்குப் போகும்போது சொல்வார்: "குளத்தைப் பாக்காத, கட்டைப் பார். கட்டு எந்தப் பக்கமோ தண்ணி அந்தப் பக்கம் போகும்." கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவில் விழுகிறது, அதன் கட்டு வடக்கில், கட்டைத் தாண்டினால் கிளிநொச்சி வயல். பாலியாறு வவுனிக்குளத்தை நிறைத்து மேற்குக் கடலுக்குப் போகிறது. பேராறு முத்தையன்கட்டால் கிழக்கே இறங்கி நந்திக்கடலில் சேர்கிறது.

நான் பார்த்த குளத்தின் கட்டுக்குக் கீழே பச்சை வயல் கிழக்குப் பக்கமாக நீண்டு கிடந்தது. அந்தத் திசையில் வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கடல். அப்படியானால் இது முத்தையன்கட்டு, நான் பாதையை விட்டு வலது பக்கமாக விலகிவிட்டேன். ஜைரோவைத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: 12 பாகை பிழை. சரிசெய்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன். நாலைந்து நிமிடத்தில் தண்டவாளம், அதோடு ஒட்டிய வீதி, கிழக்கேயும் மேற்கேயும் பிரியும் பாதைகள். மாங்குளம். பெரிய மூச்சு ஒன்று விட்டேன். இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நேரமும் இடமும் முரண்பட்டால் நேரத்தை நம்புங்கள்.

முறிகண்டியில் வழமைபோல வீதியின் இரண்டு பக்கமும் வாகனங்கள். தரையால் போகிற எவரும் அங்கே நிற்காமல் போவதில்லை. கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நான் இருக்கையில் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

பிறகு இரணைமடு வந்தது. இந்த முறை சந்தேகமே இல்லை. வடக்கே அந்த நீண்ட கட்டு, அதற்குக் கீழே வாய்க்கால்கள், குளத்துக்கு அப்பால் விமானப்படையின் ஓடுபாதை. அதற்குக் கிட்டப் போகாமல் வீதிக்கு மேலேயே போனேன். வட்டக்கச்சி வலது பக்கம் தெரிந்தது. எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். தென்னைகள், ஓடுகள், வாய்க்கால் ஓரம் ஒரு சந்தி. அந்தச் சந்தியிலிருந்து நாலாவது வளவு என்று எனக்குத் தெரியும். கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிபிர்ப் போர் விமானத்தைவிட அம்மாவுக்குப் பயம் வண்டுக்குத்தான். ஆளில்லாத வேவு விமானத்தை வன்னியில் அப்படித்தான் சொல்வோம். வண்டு சுற்றிவிட்டுப் போனால், பின்னால் கிபிரோ ஷெல்லோ வரும். என் விமானத்தின் சத்தமும் கிட்டத்தட்ட அந்த வகைதான், சின்ன எஞ்சினின் விடாத இரைச்சல். இதை நான் முன்பே யோசித்திருந்தேன், அவரிடம் சொல்லவில்லை.

பரந்தன், ஆனையிறவு. உப்பளப் பாத்திகள் கட்டம் கட்டமாகக் கிடந்தன. பலாலியில் ஓடுபாதை 05 இல் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, முதல் வேலையாக அம்மாவுக்கு அழைத்தேன்.

"8.40 எண்டு சொன்னனி. 8.53க்குத்தான் வந்தனி" என்றார். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ர சத்தம் எண்டு தெரியும் தம்பி. தெரிஞ்சும் கால் பங்கர்ப் பக்கம் போகப் பாத்தது. போகேல்ல, முத்தத்திலயே நிண்டனான்" என்றார். அந்தப் பங்கரை, பதுங்குகுழியை, மூடி வாழை வைத்து எத்தனையோ வருடம்.

இரண்டாவது கட்டம் கரையோரம். சுண்டிக்குளத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நந்திக்கடல், நடுவில் ஒடுங்கிய மணல். புதுமாத்தளனில் தொடங்கி முள்ளிவாய்க்கால் கடந்து முல்லைத்தீவு வரை. 2009 இல் நாங்களும் அந்த மணலில் இருந்தோம்; அப்பு அங்கேயே இருக்கிறார். மேலிருந்து பார்த்தால் அதைக் கடக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். திசை, உயரம், எரிபொருள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தபடி போனேன்.

மட்டக்களப்பில் இறங்கி, தண்ணீர் குடித்து, மத்தியான முகில் வளர முதல் கிளம்பினேன். காற்று கணக்குப்படியே உதவியது. இரத்மலானையில் தாங்கியை அளந்தபோது ஒரு மணித்தியாலத்துக்குரிய எரிபொருள் அப்படியே இருந்தது.

சேர் என் பறப்புத் தாளை வரி வரியாகப் பார்த்தார். 12 பாகைப் பிழையை நானே சொன்னேன். எப்படித் திருத்தினேன் என்று கேட்டார், குளக்கட்டைப் பற்றி அப்பு சொன்னதையும் சொன்னேன். அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொல்லி, தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். பிறகு கிளிநொச்சிக்கு நேரே இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். மற்ற எல்லா இடத்துக்கும் நேரம் எழுதியிருந்தேன், அது மட்டும் வெறுமையாக இருந்தது.

அம்மா குறித்து வைத்திருக்கிறார் சேர், 8.53 என்றேன். அவர் பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினார்.