முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டுமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், வேண்டாத பொருள் ஒன்றின் படத்தை யாராவது போட்டு "தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதினால், ஓரிரு நிமிடங்களில் "எனக்கு வேண்டும்" என்று பதில் வந்துவிடுகிறது. கொடுப்பவரும் முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிட்டு, யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை என்ற நிம்மதியோடு இருந்துவிடுகிறார். எனக்கு அந்த நிம்மதி ஏற்படுவதில்லை. வேலை நாளில் முற்பகல் பதினோரு மணிக்கு ஒரு படிக்கும் மேசை அறிவிக்கப்பட்டால், இரவுப் பணி முடித்து உறங்கும் செவிலியருக்கும், வகுப்பறைக்குள் கைபேசியை எடுத்துச்செல்ல முடியாத ஆசிரியைக்கும், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கும் அந்த மேசை கிடைக்க வழியே இல்லை. எந்நேரமும் கைபேசியைப் பார்க்கும் வாய்ப்புள்ள சில வீடுகளுக்கே பொருள்கள் திரும்பத் திரும்பப் போய்ச் சேருகின்றன.

இணையம் வழியாகப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கும் பழக்கத்தைப் பெரிதாகப் பரப்பிய ஃப்ரீசைக்கிள், 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் டூசான் நகரில் டெரான் பீல் என்பவரால் தொடங்கப்பட்டது. நல்ல பொருள் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்பதே அதன் முதல் நோக்கம். அந்த நோக்கத்துக்கு, பொருள் யார் கைக்குப் போனாலும் வெற்றிதான். 2013இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்ஃபெல்லர், லீசல் கிளார்க் ஆகிய இருவரும் தொடங்கிய 'பை நத்திங்' குழுக்களோ அக்கம்பக்கத்தாரிடையே உறவு வளர வேண்டும் என்பதை முன்னே வைத்தன. அங்கே அறிவித்தவுடன் கொடுத்துவிடாமல், பலரும் பார்க்கும் வரை பொறுத்திருந்து, தாம் தேர்ந்தெடுத்தவருக்கோ குலுக்கல் மூலமோ கொடுப்பது ஊக்குவிக்கப்பட்டது. ஒரே குடியிருப்புக்குள் தினமும் முகம் பார்த்து வாழ்கிற நமக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும்.

பொறுத்திருந்த பிறகு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கடினமான பகுதி. தேவை அதிகம் உள்ளவருக்குக் கொடுப்பதே நியாயம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும்; எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருமுறை ஒருவர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றும், கல் ஒன்றின் ஓரத்தில் சிறு விள்ளல் இருக்கிறது, ஆனால் மாவு நன்றாகவே அரைபடும் என்றும், பக்கவாட்டுப் படத்தோடு நேர்மையாக எழுதியிருந்தார். பலர் கேட்டதால், ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதும்படி கேட்டுக்கொண்டார். கணவருக்கு வேலை போய்விட்டதையும், இட்லி மாவு விற்கலாம் என்று நினைத்திருப்பதையும் ஒரு பெண் எழுதினார். கிரைண்டர் அவருக்கே கிடைத்தது. ஆனால் மறுநாள் காலை லிஃப்டில் ஆளாளுக்கு அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். அதன் பிறகு அவர் குழுவில் எதையும் கேட்கவே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்காக ஒருவர் தம் வீட்டு நிலைமையை அத்தனை வீட்டாருக்கும் முன்னால் விரித்துக் காட்ட நேர்ந்தால், அந்தப் பொருள் இலவசம் ஆகாது.

ஆகவே நான் குலுக்கலையே வலியுறுத்துகிறேன். மாலையில் அறிவித்தால் மறுநாள் இரவு வரை பெயர் கொடுக்கலாம். காரணம் யாரும் கேட்கக் கூடாது. அண்மையில் ஒன்றைப் பெற்றவர் அடுத்த குலுக்கலுக்கு ஒதுங்கி நிற்பது நல்லது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சிறுவனைத்தான் அழைத்தார்கள். யாரைப் பற்றியும் முன்முடிவு இல்லாத கை அது என்பதால்தான் அப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குடியிருப்பிலும் சீட்டெடுக்கப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

குலுக்கல் வைத்தாலும் தீராத அநீதி ஒன்று இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளியும், மாடிப்படி துடைக்கும் பெண்களும், தெருமுனையில் இஸ்திரி போடுபவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று வரையும் கோட்டிலேயே நியாயம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் 'பை நத்திங்' குழுக்களின் எல்லைகள் வசதியான தெருக்களையும் ஏழைத் தெருக்களையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டன என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. குழுவில் வரும் அறிவிப்பைக் காவலாளி அறைக்கு வெளியே உள்ள பலகையிலும் எழுதிவிட்டால், அங்கே பெயர் கொடுப்பவரின் சீட்டும் அதே டப்பாவில் விழும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இப்படிச் சொன்னால், "அவர்கள் வாங்கிக்கொண்டு போய்க் காயலான் கடையில் போட்டுக் காசாக்கிவிடுவார்கள்" என்ற மறுப்பு உடனே வருகிறது. போடட்டும். கொடுத்த பிறகு அது அவருடைய பொருள். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் பழைய நாற்காலியைவிடப் பணம்தான் தேவைப்படுகிறது என்றால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. இதைவிட எனக்குக் கோபம் வரவழைப்பது, குழுவில் யாரும் சீண்டாத கிழிந்த மெத்தையையும் மோட்டார் எரிந்துபோன மிக்சியையும் கடைசியில் வீட்டுவேலை செய்யும் அக்காவின் தலையில் கட்டுவதுதான். குப்பையை அகற்றும் சுமையை அவர் மேல் ஏற்றிவிட்டு அதற்குத் தானம் என்று பெயர் வைக்கக் கூடாது.

யார் யாருக்குக் கொடுத்தார் என்றே தெரியாத ஏற்பாடுகளும் உண்டு. திருநெல்வேலியில் 2017இல் மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி தொடங்கிவைத்த, வேண்டாததை ஒருவர் வைத்துவிட்டுப் போகத் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவர் அப்படிப்பட்டது. துணிக்கும் புத்தகத்துக்கும் அது மிக நல்ல வழி. பீரோவையும் கட்டிலையும் சுவரோரம் வைக்க முடியாது என்பதால், அவற்றுக்குக் குழுவும் குலுக்கலும் தேவைப்படுகின்றன.

பெயர் வந்தவர் எடுத்துச்செல்ல வராமல் போனால் அடுத்தவருக்குக் கொடுக்க, இரண்டாவது சீட்டு ஒன்றையும் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் பொருளை எடுத்துச்செல்வதற்கான கெடுவை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உள்ளடங்கும்படி வைக்க வேண்டும். கட்டிலை இறக்க ஆள் கூட்டிவர வேண்டியவருக்கு வேலை நாளில் விடுப்புக் கிடைக்காது.