மேப்பிள் போன்சாய்: உச்சியை ஓட விட்டு, கிளையைக் கிள்ளிய ஒரு வருடம்

என்னிடம் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஜப்பானிய மேப்பிள் மரத்துக்கு அடித்தண்டு நன்றாகப் பருத்திருந்தது. ஆனால் மேலே போகப்போகச் சிறுக்காமல் ஒரே கனத்தில் நேராக நின்றது. அதனால் போன வருடமே உச்சியை வெட்டிவிட்டு, வெட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு கிளையை நிமிர்த்திக் கட்டிப் புதிய உச்சியாக்கினேன். இந்த வருடம் இரண்டு வேலை: அந்தப் பெரிய காயத்தை மூட வைப்பது, கிளைகளுக்கு உருவம் கொடுப்பது.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. காயம் மூட, அதை ஒட்டி வளரும் தளிரை இஷ்டத்துக்கு ஓட விட வேண்டும். இலைகள் தயாரிக்கும் உணவு கீழே இறங்கும்போதுதான் காயத்தின் ஓரத்தில் திசு திரண்டு உருளும். கிளை நுணுக்கமாகப் பிரிய வேண்டுமானால், தளிரை ஓடவே விடக்கூடாது. ஆகவே மரத்தைப் பங்கு போட்டேன். உச்சி காயத்துக்கு, நடுக்கிளைகள் உருவத்துக்கு.

முதல் சுற்று வெட்டு, இலை உதிர்ந்ததும். குளிர்காலக் கடைசி வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது வேரின் அழுத்தத்தால் சாறு மேலேறும், வெட்டிய இடத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக வருவதால், ஒரே கணுவில் இரண்டு கிளைகள் இரு பக்கமும் நீட்டி நிற்கும். அப்படியே விட்டால் அந்த இடம் புடைத்து, அதற்குக் கீழே உள்ள தண்டைவிடப் பருத்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. எனவே கணுவுக்கு ஒரு கிளை. இங்கே இடது என்றால் அடுத்த கணுவில் வலது. தண்டு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கிளையை வைத்துக்கொண்டு உள்பக்கத்தை எடுத்தேன்.

சிறு கிளைகளைக் கணுவை ஒட்டி வெட்டவில்லை. மேப்பிள் வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கிக் காயும், பக்கத்து மொட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கொஞ்சம் குச்சி விட்டு வெட்டி, அது காய்ந்த பிறகு நறுக்கினேன். தண்டோடு சேரும் பெரிய கிளைக்கு மட்டும் குழிவாக வெட்டும் கட்டர். மூடும்போது திசு சற்று மேடு தட்டும், அதற்கு இடம் வேண்டும். உச்சிக் காயத்தையும் சாய்வாகத் திருத்தி, ஓரத்தைக் கூரிய கத்தியால் சீவி, காயத்தை மூடும் பசையைப் பூசினேன். ஒவ்வொரு முறையும் கருவியை ஆல்கஹாலால் துடைப்பது வழக்கம். பூஞ்சை நோய் எளிதில் தாக்கும் மரம் இது.

அப்புறம், கிளையை வளைத்து நிறுத்த அதன்மேல் சுற்றும் கம்பி. பட்டை மெல்லியது என்பதால் செம்பைவிட மென்மையான அலுமினியத்தையே எடுத்தேன், கிளையின் கனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கீழே வலப்பக்கக் கிளை தடிமனாக இருந்ததால் அது கம்பிச் சுருளுக்கு அசையவில்லை. தொட்டியின் விளிம்பில் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தளிர்விடும் பருவத்தில் கிளை மளமளவென்று பருக்கும். கம்பி பதிந்தால் தழும்பு பல வருடம் போகாது. அதனால் அடிக்கடி பார்த்து, இறுகியதும் வெட்டியெடுத்தேன். சுற்றிக் கழற்றினால் கிளை முறியலாம்.

வசந்தத்தில் நடுக்கிளைகளில் முதல் ஜோடி இலை விரியும்போதே நடுவில் உள்ள மென்தளிரைக் கிள்ளினேன். கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள இடைவெளி குட்டையாக நின்றது. கீழ்க்கிளைகளைக் கிள்ளவில்லை, அவை இன்னும் தடிக்க வேண்டும். கிள்ளுவது மரத்தைச் சோர்வாக்கும் வேலை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோடைத் தொடக்கத்தில் இலை முற்றியதும் நடுக்கிளைகளில் ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் இலையை எடுத்தேன், உள்ளே வெயில் படட்டும் என்று. முழுவதும் உருவுவதில் எனக்கு விருப்பமில்லை, அதுவும் காயம் ஆறிக்கொண்டிருக்கும் மரத்தில்.

இப்போது காயத்தின் ஓரம் நன்றாக உருண்டு பாதிக்கு மேல் மூடியிருக்கிறது. உச்சித் தளிர் மரத்தின் உயரத்தையும் தாண்டிக் கோணலாக நிற்கிறது, பார்ப்பவர்களுக்கு அசிங்கமாகத்தான் தெரியும். காயம் மூடும்வரை அதில் கை வைக்கப்போவதில்லை. கீழ் வலது கிளை மட்டும் கயிற்றை அவிழ்த்ததும் சற்று மேலேறிவிட்டது. இலை உதிர்ந்ததும் அதை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.